கட்டடக்கலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிலி நாட்டுக் கட்டடக்கலைஞர் அலெஹாந்திரோ அராவெனா ஏழைகளுக்குப் பாதி வீட்டைத்தான் கட்டிக் கொடுத்தார் என்றும், அவருக்கு 2016-இல் கட்டடக்கலையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது வழங்கப்பட்டது என்றும் படித்தேன். மீதிப் பாதியை ஏழையின் தலையில் கட்டுவது எப்படிப் புதுமையாகும்? (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கட்டியது எந்தப் பாதி என்பதைப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வடசிலியின் இக்கிகே நகர நடுவில், கின்தா மொன்ரோய் என்னும் அரை ஹெக்டேர் இடத்தில் ஏறத்தாழ நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகப் பட்டா இல்லாமல் குடியிருந்தன. ஒரு குடும்பத்துக்கு அரசு மானியம் சுமார் 7,500 டாலர். நிலம், குடிநீர், கழிவுநீர், கட்டடம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். வழக்கமாக இப்படிப்பட்ட தொகைக்கு, நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர்ப்புறத்தில் ஒரு சிறிய வீட்டைக் கட்டி மக்களை அங்கே அனுப்பிவிடுவார்கள். வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் நகரத்திலேயே தங்கிவிடும். அராவெனாவின் குழு அந்த மக்களை அதே இடத்தில் இருத்தியது. 2004-இல் முடிந்த வீடுகள் சுமார் 36 சதுர மீட்டர்தான் என்றாலும், அவை சுமார் 70 சதுர மீட்டர் வரை வளர இடம் விடப்பட்டிருந்தது. ஒரு குடும்பம் தன் கைக்காசையும் தெரிந்த கொத்தனாரையும் வைத்துச் சரியாகச் செய்ய முடியாதவை எவையோ, அதாவது பாரம் தாங்கும் கட்டமைப்பு, பொதுச்சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை ஆகியவை முதலிலேயே, முழு வீட்டின் அளவைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டன. வீடுகளுக்கு நடுவே விட்ட வெற்றிடத்தில் அறைகளைச் சேர்ப்பது மட்டுமே குடும்பத்தின் பொறுப்பு.

இந்த எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்து 1989-இல் முடிந்த ஆரண்யா குடியிருப்பில், மிக ஏழைகளுக்கான மனைகளில் வீட்டின் அடிப்பீடமும் கழிப்பறை, தண்ணீர் வசதிகளுமே தரப்பட்டன. வீட்டை எப்படி வளர்க்கலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளும் கட்டப்பட்டன. கடினமான பாதியை அரசு ஏற்றுக்கொள்ளும் வரைதான் இந்த முறை நேர்மையானது. தரமற்ற நான்கு சுவரை எழுப்பிவிட்டு, ‘மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு நிர்வாகம் சொன்னால் உங்கள் கோபம் முழுக்கச் சரி.

கேள்வி: இப்போது தரைத்தளம் மட்டும் கட்டுகிறோம். பிள்ளைகளுக்காகப் பின்னால் மாடி எடுக்க, தூண் கம்பியை மேலே நீட்டி விட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: போதாது, அம்மா. மாடியின் பாரத்தை முதலில் தாங்க வேண்டியது அடித்தளம். ஆகவே மண் பரிசோதனை செய்து, மாடியையும் சேர்த்துக் கணக்கிட்ட வரைபடத்தைப் பொறியாளரிடம் இப்போதே வாங்குங்கள். நீட்டிய கம்பிகள் சில மழைக்காலங்களிலேயே துருப்பிடித்துச் செதில் செதிலாக உரியும். கம்பியும் காங்கிரீட்டும் சேரும் இடத்தில் நீர் இறங்கத் தொடங்கினால் கீழ்த்தூணுக்கும் ஆபத்து. கம்பிக்குச் சிமென்ட் பால் பூசி, பின்னால் எளிதில் உடைத்தெடுக்கக்கூடிய வலுக்குறைந்த காங்கிரீட்டால் முழுவதும் மூடிவிடச் சொல்லுங்கள். படிக்கட்டு வெளிப்பக்கம் இருந்தால், மாடியைத் தனிக் குடித்தனமாகவும் விடலாம். மேல் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வருமாறு இன்றே இடம் குறித்துவிட்டால், நாளைக்குக் கூடத்தின் கூரையைத் துளைத்துக் குழாய் இறக்கும் அவலம் நேராது.

கேள்வி: பழைய அடுக்குமாடியை இடிக்காமல் பெரிதாக்க முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியும். பிரான்சின் போர்தோ நகரில், 1960-களில் கட்டிய மூன்று தொகுதிகளில் உள்ள 530 வீடுகளை, ஆன் லகாத்தோன், ழான்-பிலிப் வசால் என்னும் கட்டடக்கலைஞர் இணையர் சக கலைஞர்களுடன் சேர்ந்து விரிவாக்கினார்கள். முகப்பை ஒட்டித் தனி அடித்தளத்தில், சுவரிலிருந்து 3.8 மீட்டர் வெளியே நீளும் கண்ணாடிக் கூடங்களையும் பால்கனிகளையும் எழுப்பி, பழைய சன்னல் சுவரைத் திறந்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. இடித்துக் கட்டுவதைவிடச் செலவும் குறைவு. ஆனால் கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து, கூரைக் காங்கிரீட் பெயர்ந்து விழும் கட்டடத்துக்கு இது அப்படியே பொருந்தாது. கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வறிக்கை கைக்கு வந்த பிறகே, இடிப்பதா விரிப்பதா என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள்.