ஆபீஸ் மாறுகிறது, அக்கா பேசுவதில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆபீசில் நிர்வாகம் பார்க்கிறேன். ஆபீசை ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கும் எங்கள் ஃபேக்டரிக்கே கொண்டுபோகப் போகிறார்கள். தேதி முடிவாகும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து வரும் அக்கவுண்ட்ஸ் அக்கா, "ரெண்டு பஸ் மாறி வர்றேன், இனி முத்துக்கடையில இறங்கி மூணாவது பஸ்ஸா? உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றார். அன்றிலிருந்து என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. கைக்குழந்தைக்காரப் பெண் ஒருத்தி அழுகிறாள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ராத்திரி தூக்கமில்லை.

பெயர் வேண்டாம், வேலூர்

அன்புச் சகோதரிக்கு,

அந்த "நல்லதுக்குத்தான்" இன்றோடு போகட்டும். கேட்பவர் காதில் அது "உன் கஷ்டம் ஒன்றும் பெரிசில்லை" என்றுதான் விழும்.

தூரத்தைவிட, எப்போது என்று தெரியாததுதான் அவர்களை அரிக்கிறது. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கையில் ஷாக் கட்டாயம் விழும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, விழலாம் விழாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் பதற்றம் அதிகம். முதலாளியிடம் இதையே எடுத்துச் சொல்லுங்கள். "மாறுவது உறுதி, தேதியை இந்த மாதக் கடைசிக்குள் சொல்கிறோம்" என்ற அளவுக்காவது அவர் வாயால் வரட்டும்.

அப்புறம் ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருங்கள். கூட்டத்தில் அந்தக் கைக்குழந்தைக்காரி பேசவே மாட்டாள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஃபேக்டரியில் அது நடக்கிறதா, ஆபீஸ் பெண்களும் பிள்ளையை விடலாமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அவளுக்கு இப்போது ஆறுதலைவிட இந்தத் தகவல் பெரிது. குடியாத்தம் அக்காவுக்குப் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி வேனோ, அரைமணி தாமதமாக வரும் அனுமதியோ கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே சொல்லிவிடுங்கள்.

அக்காவின் கோபம் முதலாளி மேல். அவரிடம் கத்த முடியுமா? கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். "தெரியும் அக்கா, சொல்ல விடவில்லை" என்று ஒருமுறை சொல்லுங்கள். உடனே சமாதானமாகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சிலர் வேலையை விடுவார்கள். பிடித்து இழுக்காமல், சம்பள பாக்கி, பி.எஃப். வேலைகளை அலையவிடாமல் முடித்துக் கொடுங்கள்.

சரி, நீங்களும்தானே இடம் மாறுகிறீர்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வீட்டில் யாரிடமாவது பேசுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.