மெஃபெட்ரோனும் தடையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பிரிட்டனில் மெஃபெட்ரோன் என்ற போதைப்பொருள் இணையத்தில் வெளிப்படையாகவே விற்கப்பட்டது என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். இரண்டு இளைஞர்கள் இறந்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டதாமே. ஒன்றைத் தடை செய்ய உயிர்ப்பலி வேண்டுமா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

நீங்கள் குறிப்பிடும் மரணங்கள் 2010 மார்ச்சில் ஸ்கன்தோர்ப் நகரில் நிகழ்ந்தவை. செய்தித்தாள்கள் எழுப்பிய கூச்சலுக்கு நடுவே ஏப்ரல் 16 அன்று தடை அமலுக்கு வந்தது. ஆனால் மே மாதம் வெளிவந்த நச்சுப் பரிசோதனை முடிவின்படி அவர்கள் உடலில் மெஃபெட்ரோனே இல்லை, இருந்தது மெத்தடோன் என்ற, ஹெராயின் அடிமைகளுக்குச் சிகிச்சையில் தரப்படும் வேறொரு பொருள்.

இதனால் அந்தப் பொருள் நிரபராதி ஆகிவிடாது. மூளையில் டோபமைன், செரோடோனின் என்ற இரு வேதிப்பொருள்களையும் ஒருசேரப் பெருக்கி அது தரும் கிளர்ச்சி சில மணி நேரத்தில் வடிந்துவிடுவதால், உட்கொண்டவர் அதே இரவில் மீண்டும் மீண்டும் அதை நாடுகிறார். மூக்கில் இரத்தக் கசிவு, நெஞ்சுப் படபடப்பு, குளிர்ந்து நீலம்பாரிக்கும் விரல்கள், உறக்கமின்மை, யாரோ தன்னைப் பின்தொடர்வதான பிரமை ஆகியவை பயன்படுத்தியவர்களிடம் காணப்பட்டவை. தடைக்கு இவையே போதுமான காரணங்கள். இஸ்ரேலும் சுவீடனும் பிரிட்டனுக்கு முன்பே தடை விதித்திருந்தன. தவறான காரணத்தைக் காட்டிச் சரியான முடிவை எடுத்தால், காரணம் பொய்த்ததும் முடிவையும் மக்கள் ஐயுறுவார்கள் என்பதே என் குறை.

தாமதத்துக்குச் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம். 1929லேயே தயாரிக்கப்பட்டுவிட்ட சேர்மம் என்றாலும் தடைப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. எனவே 'செடிகளுக்கான உரம், மனிதர் உட்கொள்வதற்கன்று' என்று உறையில் அச்சிட்டு விற்றார்கள். (அந்த விலைக்கு உரம் வாங்கிய தோட்டக்காரர் எவரும் இருந்திருக்க மாட்டார்.) 2010 ஆணை ஒரு பெயரோடு நில்லாமல், காத் செடியின் இலையிலுள்ள கேத்தினோன் என்ற கிளர்ச்சிப்பொருளின் வழிவந்த, மெஃபெட்ரோனும் அடங்கிய சேர்மக் குடும்பத்தையே வரையறுத்துத் தடுத்தது. ஆயினும் பென்சீன் வளையத்துக்குப் பதில் நாப்தலீன் வளையம் கொண்ட நாஃபைரோன் என்ற உறவுச் சேர்மம் அந்த வரையறைக்கு வெளியே நின்றது. ஜூலையில் அதற்குத் தனி ஆணை வேண்டியிருந்தது. இந்தத் துரத்தலில் சலித்துத்தான் 2016இல் மனநிலையை மாற்றும் எப்பொருளின் விற்பனையும் குற்றம் என்று அறிவித்து, மது, புகையிலை, காஃபின், மருந்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்களித்தார்கள்.

இந்தியாவில் பெயர்ப் பட்டியல் முறையே நீடிக்கிறது. மும்பையில் 'எம்.டி.', 'மியாவ் மியாவ்' என்று புழங்கிய இதே பொருள் 2015 பிப்ரவரியில்தான் பட்டியலில் ஏறியது. அதுவரை காவல்துறை கைப்பற்றினாலும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர வழியில்லை. இப்போது 50 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் அது வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுக் கடுங்காவல்.