அக்காவுக்கு மரபணுக் கோளாறு; நானும் பரிசோதித்துக்கொண்டால் என் ஆயுள் காப்பீடு என்னாகும்?

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பரம்பரையாக வந்து புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறு என்று தெரிந்ததும் உங்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறார் மருத்துவர். முடிவு பாதகமாக வந்தால் இருக்கும் பாலிசி போய்விடுமா, புதிது கிடைக்காதா என்பது உங்கள் கேள்வி. மன்னார்குடிப் பக்கம் வெகுகாலம் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய பாலிசி நடப்பில் இருந்தால் அதைப் பற்றிய கவலையே வேண்டாம். பாலிசி கொடுத்த பிறகு செய்துகொள்ளும் பரிசோதனையை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அதைக் காட்டிப் பிரீமியத்தை உயர்த்தவும் முடியாது.

ஆனால் "நடப்பில் இருந்தால்" என்பதில்தான் நம் டெல்டாக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருடம் குறுவை போய்விடும். "தை அறுவடையில் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். ஆண்டுப் பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 30 நாள்தான். அது தாண்டினால் பாலிசி காலாவதி. பத்திரம் மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும்! சாதாரண பாலிசியை 5 ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம், உண்மைதான். ஆனால் அப்போது உடல்நல உறுதிமொழி கேட்பார்கள். இடையில் எடுத்த பரிசோதனை அங்கேதான் குறுக்கே வரும். காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி 3 ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. புதுப்பித்தாலோ, அந்த 3 ஆண்டுக் கணக்கு புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி தொடங்கும். தாமதக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறார்களே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

புதுப் பாலிசி வேறு விஷயம். விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களின் வயது, உடல்நிலை, இறந்திருந்தால் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். புற்றுநோயில் போனவருக்கு "வயிற்றுவலி" என்றும், எல்லாருக்கும் "நலம்" என்றும் எழுதி நிரப்பிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அக்காவின் நோயை நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும். "முதலில் பாலிசி, பிறகு பரிசோதனை" என்று யோசனை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பரிசோதனை செய்யும்படி மருத்துவர் அறிவுறுத்தியதுண்டா என்றும் சில படிவங்கள் கேட்கும். உங்களுக்கு அறிவுறுத்தியாகிவிட்டது. 3 ஆண்டுக்குள் ஏதாவது நேர்ந்தால், மறைத்த விஷயத்தைக் காட்டியே வாரிசுக்குப் பணம் மறுக்கலாம். அதனால் பாலிசிக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் லாபம் குறைவு, ஆபத்து அதிகம்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், மரபணு முடிவை ஆயுள் காப்பீட்டில் பயன்படுத்தக் கூடாது என்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மரபணு நோய்களை ஒதுக்கும் விதியைக் கண்டித்தது மருத்துவக் காப்பீட்டு வழக்கில். மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவக் காப்பீட்டோடும் வேலைவாய்ப்போடும் நின்றுவிடுகிறது. பிரிட்டனில் ஒரு ஏற்பாடு உண்டு: 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு, ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நரம்பு நோய்க்கான முன்கணிப்புப் பரிசோதனை முடிவை மட்டுமே கேட்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். உடன்பிறந்தவருக்கு அந்தக் கோளாறு இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இல்லை என்று வந்தால் அறிக்கையின் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்; அக்காவின் நோயைப் பார்த்து முகம் சுளிப்பவருக்கு அதுவே பதில். இருக்கிறது என்று வந்தால் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், தள்ளிவைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். படிவத்தை ஏஜெண்டிடம் விடாமல் நீங்களே நிரப்பி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது கிடைக்காதா என்று நாலு நிறுவனங்களில் ஒரேயடியாக விண்ணப்பிக்க வேண்டாம். முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்பதும் படிவத்தில் உள்ள கேள்விதான்.