விளம்பரங்களில் வரும் ஸ்டாப் மோஷனை எப்படி எடுக்கிறார்கள்? நான் எடுத்தால் மட்டும் ஏன் மினுக்குகிறது?

‘பொருளைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு போட்டோ எடு, மறுபடி நகர்த்து, மறுபடி எடு.’ இந்தக் கேள்வியை எங்கே யார் கேட்டாலும் இந்த ஒரு வரிதான் பதிலாக வரும். தப்பில்லை. நீச்சல் என்றால் தண்ணீரில் கையைக் காலை ஆட்டுவது என்று சொன்னால் அது எவ்வளவு சரியோ, அவ்வளவு சரி.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. மேசைமேல் ஒரு பொம்மையோ ஷூவோ வைத்து, போனை எதன்மேலாவது சாய்த்து, ஐம்பது அறுபது படம் எடுத்திருப்பீர்கள். ஓட்டிப் பார்த்தால் பொம்மை நடக்கிறது; கூடவே மேசையும் நடக்கிறது, வெளிச்சம் கூடிக் குறைகிறது, பின்னால் திரைச்சீலை ஆட்டம் போடுகிறது. பொம்மையை நகர்த்துவது இந்த வேலையில் கால்வாசிதான். அதைத் தவிர வேறு எதுவும் நகராமல், நிறம் மாறாமல் காவல் காப்பது மீதி முக்கால்வாசி.

மினுக்கலில் இருந்தே தொடங்குவோம். கேமராவில் ‘ஆட்டோ’ என்று என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் அணைக்க வேண்டும். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) மேனுவல், ஃபோகஸ் மேனுவல், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவு) 100 அல்லது 200, ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்வது) ஒரு கெல்வின் எண்ணில் நிறுத்திவிட வேண்டும். லென்ஸில் ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் அணையுங்கள். கேமரா அசையாமல் நிற்கும்போதும் அது சும்மா இருக்காது. படத்தை ஒரு நூலிழை இங்கும் அங்கும் தள்ளும்.

அடுத்து ஷட்டர், அதாவது கேமரா வெளிச்சத்துக்குத் திறந்திருக்கும் நேரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/200 நொடியில் எடுத்தால் ஒரு படம் துடிப்பின் உச்சியிலும் இன்னொன்று பள்ளத்திலும் மாட்டும். அரை நொடி திறந்து வைத்தால் 50 துடிப்பும் ஒன்றாகக் கலந்து எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும். அசையாத பொருளைத்தானே எடுக்கிறோம், அரை நொடி திறந்தால் என்ன குறைந்துவிடும்? அபெர்ச்சர் (லென்ஸின் துளை; எண் கூடினால் துளை சிறிது) எஃப்8, எஃப்11 பக்கம், ஷட்டர் 1/4 முதல் 1/2 நொடி. இதுதான் பெரும்பாலும் ஒத்துவரும். ஃபிளாஷ் வேண்டாம், ஒவ்வொரு வெடிப்பும் ஒரே அளவில் வராது.

இவ்வளவும் செய்த பிறகும் மினுக்கல் இருக்கும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். காரணம் லென்ஸ். எலக்ட்ரானிக் லென்ஸ் பெரும்பாலும் நீங்கள் பார்க்கும்போது முழுதாகத் திறந்திருந்து, படம் எடுக்கும் கணத்தில் மட்டும் எஃப்8க்கு மூடும். ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசத்தில் மூடும். தனிப் படத்தில் அது தெரியாது, வரிசையாக ஓடும்போது கண்ணைக் குத்தும். அபெர்ச்சரைக் கையால் திருகும் வளையம் உள்ள பழைய லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டினால் தீர்ந்தது. இது இந்தத் தொழிலில் பழைய பழக்கம்; 2005-இல் வந்த ‘கார்ப்ஸ் பிரைடு’ கேனான் கேமராக்களில் நிக்கான் லென்ஸ் மாட்டி எடுக்கப்பட்ட ஸ்டாப் மோஷன் சினிமா. அப்படி லென்ஸ் இல்லையென்றால், இருப்பதை முழுதாகத் திறந்து வைத்து எடுங்கள். மூடவே வேண்டாம் என்றால் வித்தியாசமும் வராது, ஆனால் ஃபோகஸ் ஆழம் போய்விடும், பொருளின் ஒரு பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரியும்.

‘எனக்குப் போன் போதும், பெரிய கேமராக்காரர் பேச்சு வேண்டாம்’ என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். போனில் தாராளமாக எடுக்கலாம். பெரும்பாலான போன்களில் அபெர்ச்சர் மாறாத ஒன்று என்பதால் மேலே சொன்ன லென்ஸ் தொல்லையே கிடையாது. தொல்லை வேறு இடத்தில்: ஹெச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் போனே சமன்செய்யும் வசதி) ஒவ்வொரு படத்தையும் தன்னிஷ்டத்துக்கு ‘அழகாக்கும்’, பொருள் கிட்டே வந்தால் போன் தானாக மேக்ரோ லென்ஸுக்கு (மிகக் கிட்டத்தில் எடுப்பதற்கானது) தாவும். இரண்டையும் அணைத்துவிட்டு, ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ மாதிரி எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டும் செயலியில் எடுங்கள். திரையைத் தொட்டு எடுக்காதீர்கள், ப்ளூடூத் ரிமோட் வையுங்கள். ஏரோப்ளேன் மோடு கட்டாயம் (ப்ளூடூத் அணைந்தால் அதை மட்டும் திரும்ப இயக்கிக்கொள்ளுங்கள்). அழைப்பு வந்து போன் ஒரு தடவை அதிர்ந்தால் அன்றைய ஷாட் போயிற்று.

ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். மேகம் ஒன்று கடந்தாலே படத்தில் தெரியும். கறுப்புச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் செட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அவரே ஒரு ரிஃப்ளெக்டர். படம் எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் போய் நில்லுங்கள். தரையில் டேப் ஒட்டி வைத்தால் மறக்காது. ட்ரைபாட் கால்களைத் தரையோடு க்ளூகன் பசையால் ஒட்டி, நடுவில் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். மேசைக்கும் அதே வைத்தியம். ஒரு ஷாட்டை இரண்டு நாளாகப் பிரிக்காமல் இருப்பது நல்லது. இரவில் அறையின் சூடும் ஈரமும் மாறினால் மரப்பலகை லேசாக அசையும், களிமண் தொய்யும், காலையில் முதல் படத்தில் ஒரு குதிப்பு இருக்கும்.

இனி கணக்கு. காணொளி நொடிக்கு 24 பிரேம் (திரையில் வந்துபோகும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு பிரேம்). ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவது வழக்கம், ‘ட்வோஸ்’ என்பார்கள். ஆக நொடிக்கு 12 படம், 30 நொடி விளம்பரத்துக்கு 360 படம். 25 பிரேம் காணொளி என்றால் 375. வேகமான அசைவுக்கும் கேமரா நகரும் ஷாட்டுக்கும் மட்டும் பிரேமுக்கு ஒரு படம் எடுப்பார்கள், இல்லையென்றால் தடதடக்கும். இசையை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள இசையில் ஒரு தட்டு அரை நொடி, அதாவது 6 படம். பாட்டில் மூடி ‘டக்’கென்று விழ வேண்டிய படம் எந்த எண் என்று எடுப்பதற்கு முன்பே தாளில் இருக்கும். பிறகு இசையை மாற்றினால் மொத்தமும் நாசம்.

நகர்த்தும் அளவைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அசைவின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒரு பாட்டில் ஒரு நொடியில் 21 செ.மீ. நகர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 நகர்வு. சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 1.75 செ.மீ.; பாட்டில் கன்வேயர் பெல்ட்டில் போவதுபோல் செத்துக் கிடக்கும். அதையே 0.5, 1, 1.5, 2, 2.5, 3, 3, 2.5, 2, 1.5, 1, 0.5 என்று வைத்துப் பாருங்கள். கூட்டினால் அதே 21. இப்போது பாட்டில் தயங்கிக் கிளம்பி, வேகமெடுத்து, நிதானித்து நிற்கும். படத்தில் விழாத இடத்தில் ஒரு ஸ்கேலை டேப் போட்டு ஒட்டி, இந்த எண்களைப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். நின்ற பிறகு குறைந்தது 6 முதல் 8 படம் அப்படியே நிற்கட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு மூச்சு வாங்க இடம் வேண்டாமா?

டிராகன்ஃபிரேம் மாதிரி மென்பொருள் இங்கேதான் கை கொடுக்கும். போன படத்தை நிழலாக மேலே காட்டும் (ஆனியன் ஸ்கின்), நேரடிப் படத்துக்கும் எடுத்த படத்துக்கும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்க விடும். முழங்கை பட்டுப் பாட்டில் சாய்ந்தால் பழைய இடத்தில் திரும்ப நிறுத்த இதை விட்டால் வழியில்லை.

விளம்பரத்தில் பார்த்து வியக்கும் பாதி விஷயங்கள் தலைகீழாக எடுத்தவை. சிதறிக் கிடக்கும் விதைகள் ஊர்ந்து வந்து கம்பெனிப் பெயராக அடுக்கிக்கொள்கிற மாதிரி வரும் இல்லையா? பெயரை முதலில் அழகாக அடுக்கி, படம் படமாகக் கலைத்து, பின்னால் இருந்து ஓட்டுவார்கள். கலைப்பது எளிது, சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது நரகம்.

பொருள் விளம்பரத்துக்கு ஒரே மாதிரி ஐந்தாறு பொருளாவது வாங்கி, கீறல் இல்லாத ஒன்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பருத்திக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, விரல்ரேகை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் மின்னும். கண்ணாடிமேல் நிற்கும் நீர்த்துளிகளுக்கு வெறும் தண்ணீரைத் தெளித்தால் விளக்குச் சூட்டில் காய்ந்துவிடும். கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்தால் மணிக்கணக்கில் நிற்கும். பனிக்கட்டியாகத் தெரிவது அக்ரிலிக் பிளாஸ்டிக். பச்சை இலை மட்டும் ஏமாற்றும், அரை மணியில் வாடும். இலை வரும் ஷாட்டைக் குறுக்கித் திட்டமிடுவது தவிர வேறு மருந்தில்லை.

பறக்கும் பொருளைக் கம்பியில் தாங்கிப் பிடித்து எடுத்து, கம்பியை எடிட்டிங்கில் அழிப்பார்கள். அதற்குப் பொருளும் கம்பியும் இல்லாத வெற்றுச் செட்டை அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்திருக்க வேண்டும், ‘கிளீன் ப்ளேட்’. கம்பியை நினைவு வைப்பவர்கள் அதன் நிழலை மறந்துவிடுகிறார்கள். நிழல் பின்புறச் சுவரில் விழாமல் விளக்கைத் திருப்பினால் அழிக்கும் வேலை பாதி குறையும்.

பொம்மை என்றால் உள்ளே எலும்பு வேண்டும். 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டு மூன்று இழை முறுக்கினால் கை கால் தயார். இரும்புக் கம்பி வேண்டாம், வளைத்தால் திரும்ப எழும்பும். அலுமினியமும் சாகாவரம் பெற்றதல்ல, கணுக்காலில்தான் முதலில் ஒடியும், மாற்றுக் கால் செய்து வையுங்கள். பாதத்தில் நட் பதித்து, செட்டின் அடியிலிருந்து ஸ்க்ரூ முடுக்கினால் ஒற்றைக் காலில் நிற்கும். ரோமமும் துணியும் தொட்ட இடமெல்லாம் அசையும். 1933-இல் வந்த ‘கிங் காங்’ குரங்கின் ரோமம் சிலிர்ப்பது நகர்த்தியவர் விரல் பட்டதால்தான்.

பேச்சுக்கு வாய்களைத் தனித்தனியாகச் செய்து மாற்றி ஒட்டுவார்கள். ஆங்கில வாய்ப் பட்டியலை அப்படியே எடுத்தால் தமிழுக்குச் சரிவராது. அ, ஆவுக்குத் திறந்த வாய். இ, எவுக்கு அகன்றது. உ, ஒவுக்குக் குவிந்தது. ப, மவுக்கு மூடியது. வவுக்குப் பல் கீழுதட்டில். ஆறாவதாக ஓய்வு வாய். ‘அப்பா’ என்னும்போது ‘ப்ப’வில் உதடு மூடி நிற்கும் நேரம் அதிகம், அங்கே மூடிய வாய்க்கு இரண்டு படமாவது கொடுங்கள். கொடுக்காவிட்டால் பொம்மை ‘ஆஆ’ என்று கத்துவதுபோல் இருக்கும், ஒலி மட்டும் ‘அப்பா’ என்று தனியே வரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மன்னிக்கவும். ஆறு மணி நேர ஷாட்டின் நடுவில் பேட்டரி மாற்றினால் கேமரா அசையும். அதனால் மின்சாரத்தில் நேரடியாக ஓட டம்மி பேட்டரி போடுகிறோம். இந்தக் கேமரா கம்பெனிகள் மாடலுக்கு மாடல் பேட்டரி வடிவத்தை மாற்றுகின்றன. நேற்று வாங்கிய டம்மி இன்றைய கேமராவில் நுழையாது. போதாததற்கு, தானாக அணைவதை நிறுத்தும் பொத்தானை மெனுவில் ஏழாவது அடுக்கில் புதைத்து வைத்திருக்கிறார்கள். யாருக்குப் பயந்து இதை ஒளிக்கிறார்கள் என்று புரியவில்லை.

‘சாதாரண வீடியோவை எடுத்து 12 பிரேமாகக் குறைத்தால் இதேதானே’ என்று கேட்பவர்களுக்கு: இல்லை. வீடியோவில் அசைவு மங்கலாகப் பதிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு படமும் கூர்மை. கண்ணுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

எடிட்டிங்கில் ஒரே ஒரு பொறி. படங்களை 12 பிரேம் வரிசையாக உள்ளே எடுத்து 25 பிரேம் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் படங்களை வரிசையாக அடுக்கும் பட்டை) போட்டால், சில மென்பொருள்கள் பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் கலந்து நிரப்பும். பாட்டிலுக்குப் பேய் மாதிரி இரட்டை உருவம் வரும். ஃபிரேம் பிளெண்டிங்கை அணையுங்கள். கோப்பு எண் 9999 தாண்டி 0001க்குத் திரும்பியிருந்தால் வரிசையும் உடையும், முன்பே பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளீன் ப்ளேட் எடுத்தாயிற்றா, முழுதாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாயிற்றா, பணம் கொடுப்பவர் லேபிளைப் பார்த்துத் தலையாட்டினாரா? மூன்றும் முடியும்வரை ட்ரைபாட் காலில் ஒட்டிய பசையை உரிக்காதீர்கள்.