யோங்காம் பந்தயத் தடமும் அரசுப் பணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பந்தயத் தடங்களுக்கு அரசு நிதி தருவது பற்றிய கட்டுரையில் தென்கொரியாவின் யோங்காமை எச்சரிக்கையாகக் காட்டியிருந்தீர்கள். மாகாண அரசே பின்னால் நின்றும் நான்கே ஆண்டில் எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) அங்கிருந்து போனது ஏன்? அப்படியானால் சிறிய ஊர்களில் தடம் அமைக்க அரசு பணமே தரக்கூடாதா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தரலாம். எதற்குத் தருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கட்டுமானச் செலவு ஒருமுறைதான். அது தாராகவும் வடிகாலாகவும் தடுப்புச் சுவராகவும் ஊரிலேயே நிற்கும். பந்தயத்தை வரவழைக்கும் உரிமைக் கட்டணம் ஆண்டுதோறும் கட்ட வேண்டியது. எஃப்1-இல் தொலைக்காட்சி வருமானம் பந்தயத் தொடரின் வணிக உரிமையாளருக்குப் போய்விடும். உள்ளூர் அமைப்பாளர் பெரும்பாலும் டிக்கெட்டை நம்பித்தான் இருக்க வேண்டும். யோங்காம் இருக்கும் தெற்கு ஜொல்லா மாகாணம் இரண்டு சுமையையும் ஏற்றது. 2016 வரை ஒப்பந்தம் இருந்தும் 2010 முதல் 2013 வரை நான்கு பந்தயங்களோடு கதை முடிந்தது.

இடமும் கைகொடுக்கவில்லை. சியோலிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, கடலோரச் சதுப்பை மேடாக்கிய நிலம். 5.615 கிலோமீட்டர் தடத்தின் ஒரு பகுதியைச் சுற்றித் துறைமுக நகரம் எழும் என்று வரைபடம் சொன்னது. நகரம் எழவில்லை. வந்தவர்கள் பக்கத்து மொக்போவின் சிறு விடுதிகளில் தங்கினார்கள். தங்க அறை இல்லாத ஊரில் மூன்று நாள் டிக்கெட் எப்படி விற்கும்?

அதைவிட முக்கியம் தார். புதிய தடத்தின் இறுதி ஆய்வு பந்தயத்துக்கு 90 நாள் முன்பே முடிய வேண்டும் என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி. முதல் பந்தயம் 2010 அக்டோபர் 24. ஒப்புதல் கிடைத்ததோ அதற்கு இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்கள் முன்னால். மேலடுக்கு அப்போதுதான் போட்டு முடிந்திருந்தது. புதுத் தாரில் ஒவ்வொரு ஜல்லியையும் பிட்டுமன் என்ற கரும்பசையின் படலம் மூடியிருக்கும், எண்ணெய்ப் பசை மேலே கசியும். வண்டிகள் ஓடி ஓடி அந்தப் படலம் தேய்ந்து, ஜல்லியின் முகம் வெளியே வந்த பிறகுதான் டயருக்குப் பிடிமானம். அன்று மழையும் சேர்ந்துகொண்டது. வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடும் பாதுகாப்பு காருக்குப் பின்னால் தொடங்கி, நிறுத்தி, ஏறக்குறைய முக்கால் மணிநேரம் காத்திருந்து, மங்கும் வெளிச்சத்தில் முடித்தார்கள். தேதியை முதலில் அறிவித்துவிட்டு வேலையைத் துரத்தினால் வருவது இதுதான்.

அரசுப் பணம் பலன் தந்த இடம் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட். 1930-களின் பெருமந்தத்தில், வேலையில்லாதோருக்கான நிவாரண நிதியைக் கொண்டு மேயர் மார்ட்டின் கிரிஃபின் மலைமேல் ஒரு சுற்றுலாச் சாலை போட வைத்தார். பந்தயத்துக்கும் உதவ வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1938-இல் திறந்த அந்த 6.213 கிலோமீட்டர், பந்தயம் இல்லாத நாளில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரம்புள்ள பொதுச் சாலை. ஓரத்தில் வீடுகள் உண்டு. முதலீடு தினமும் பயன்படுகிறது.

உங்கள் பகுதியில் திட்டம் வந்தால் முதலில் எந்தத் தரச்சான்று என்று கேளுங்கள். எஃப்1-க்கான கிரேடு 1 என்றால் குறைந்தது 3.5 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், தொடக்கக் கோட்டில் 15 மீட்டர். தடம் விலகும் வண்டி நிற்பதற்கான வெளியோட்டப் பரப்புக்கும் நிலம் வேண்டும். உள்ளூர்ப் பந்தயத்துக்கும் பயிற்சிக்கும் இவ்வளவு தேவையே இல்லை. உங்கள் ஊரின் காரி தடம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். நிதியைக் கட்டம் கட்டமாக விடுவித்து, கடைசித் தவணையைச் சான்று கைக்கு வந்த பிறகே கொடுக்க வேண்டும். சான்று மூன்று ஆண்டுக்குத்தான். அதனால் மறு ஆய்வு, டயர் தடுப்பு, வேலி, மறுதார் எல்லாவற்றுக்கும் தனி நிதி ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பல திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. டெசிபல் வரம்பும் ஆண்டுக்கு எத்தனை நாள் ஓடும் என்பதும் நிலம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். வார நாட்களின் அட்டவணையையும் கேளுங்கள்: வண்டிச் சோதனை, ஆம்புலன்ஸ், காவல் ஓட்டுநர் பயிற்சி. எஃப்1 போன பிறகு யோங்காம் உள்நாட்டுப் பந்தயங்களோடும் இப்படிப்பட்ட வாடகையோடும்தான் ஓடுகிறது.

அரசுக் கணக்கில் உரிமைக் கட்டணம் என்ற செலவினம் இருந்தால், அது ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும், நடுவில் விலகினால் என்ன தண்டம் என்ற இரண்டையும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டு வாங்குங்கள்.