சென்னைக்குள் இருந்தபடியே குளிர்காலப் பறவைகளையும் இரவு வானத்தையும் படமெடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் இரண்டுக்கும் ஏற்றவை.

பறவைகளுக்குப் பள்ளிக்கரணை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. துரைப்பாக்கம் ரேடியல் சாலை ஓரத்திலிருந்தே பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் பார்க்கலாம். விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் நீர்ப்பரப்பில் காற்று நெளிந்து, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் என்றாலும் படம் குழம்பும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 விநாடி. பூநாரையின் வெளிர் இறகு சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) கொஞ்சம் குறையுங்கள். தயவுசெய்து கல்லெறிந்து பறக்கவிடாதீர்கள். நெடுந்தொலைவு கடந்து இரை தேட வந்தவை அவை.

அப்புறம் வானம். நகர வெளிச்சத்தில் பால்வீதியைத் தேட வேண்டாம், ஓரியன் விண்மீன் கூட்டத்தைப் பிடியுங்கள். ஜனவரி இரவு ஒன்பது, பத்து மணிக்கு அது சென்னையில் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். வானத்தில் ஒளி மாசு குறைவான பகுதியும் அந்த உச்சிதான். மொட்டைமாடி, டிரைபாட், 50 மி.மீ. லென்ஸ், ஐந்து விநாடி எக்ஸ்போஷர். அதற்கு மேல் போனால் விண்மீன்கள் கோடாக இழுபடும். அதே காட்சியை ஐம்பது, அறுபது முறை எடுத்து மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அருகே ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் இளஞ்சிவப்பாகத் தெரியவரும்.