என்னிடம் தமிழ் படித்த மாணவர் எழுத்துரு வடிவமைப்பாளர் ஆனது எப்படி

"உங்களிடம் படித்தவர்களில் படைப்புத் துறையைத் தொழிலாகக் கொண்டவர் யாராவது உண்டா, பள்ளியிலிருந்து அங்கே எப்படிச் சென்றார்?" என்பது கேள்வி. மயிலாடுதுறைக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மாணவர் ஒருவர் இப்போது சென்னையில் தமிழ் எழுத்துருக்களையும் (கணினியில் நாம் தேர்ந்தெடுக்கும் ஃபாண்ட்) புத்தக அட்டைகளையும் வடிவமைத்து வாழ்கிறார். பெயரைச் சொல்லப் போவதில்லை. பள்ளி நாட்களைப் பற்றி எழுதும்போது பழைய உரிமையில் "அவன்" என்றே எழுதுகிறேன், அவர் பொறுத்துக்கொள்வார்.

அவன் அப்பா சுவர் விளம்பரம் எழுதுபவர். உரக்கடை, நகைக்கடை, தேர்தல் வந்தால் கட்சிச் சின்னம் என்று எங்கள் வட்டாரத்தில் அவருடைய பிரஷ் படாத சுவர் குறைவு. விடுமுறை நாட்களில் அவனும் உடன் சென்று, வெள்ளையடித்த சுவரின் மறு முனையில் நின்று, கோடு போடுவதற்கான நூலைப் பிடித்துக்கொள்வான்.

2004-இல், எட்டாம் வகுப்பில், அவனுடைய கட்டுரை ஏட்டில் "லை" வந்த இடங்களிலெல்லாம் யானைத் துதிக்கை போன்ற வளைவு வைத்த பழைய வடிவம் இருந்தது. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணை ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் எழுதப் பழகிய அவன் அப்பாவின் கை மட்டும் மாறவில்லை. நான் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்தேன். காரணம் கேட்டபோது, "புது லைக்கு முன்னாடி கொம்பு வந்து உட்கார்ந்து இடத்தை அடைக்குது ஐயா, பழசுன்னா சுவத்துல ஒரு எழுத்து இடம் மிச்சம்" என்றான். தேர்வுக்கு அது பிழைதான், ஆகவே மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஆனால் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன், எழுத்து இடத்தை அடைக்கும் ஒரு பொருள் என்று அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

மறு ஆண்டு மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றோம். 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் அச்சுக்கூடம் அமைத்ததையும், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்து காகிதத்தைத் தின்றதால் இங்கேயே சிறியவற்றை வார்த்துக்கொண்டதையும் சொன்னேன். மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும், சின்னதாக வார்க்கும்போது "ண"வுக்குள் இருக்கும் சுழிகள் மை தேங்கி அடைத்துக்கொள்ளாதா என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்குள் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. நான்கு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில், சதுர அடிக் கணக்கில் அச்சிட்டுக் கொடுக்கும் இயந்திரத்தோடு அவன் அப்பா எப்படிப் போட்டியிடுவார்? அவன் பிளஸ் டூ முடித்த 2008-இல், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல வீட்டுக்குப் போனபோது, எதிர்ப்பு அப்பாவிடமிருந்தே வந்தது. "நாலு வருஷம் படிச்சுட்டும் இவன் பிரஷ்ஷைத்தானே ஐயா பிடிக்கணும்?" என்றார். அறியாமையில் பேசும் பெற்றோரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியும். அந்தத் தொழிலின் முடிவைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுபவரிடம் என்ன சொல்வது? அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அரை மனதோடு அனுப்பினார்.

நுழைவுத் தேர்வில் முதல் முறை இடம் கிடைக்கவில்லை. எழுத்தில் கை ஓடிய அளவுக்குப் பொருள்களைப் பார்த்து வரைவதில் ஓடவில்லை. முன்னால் வைத்த குடத்தின் வாய் வட்டம் அவன் தாளில் கோணலாகவே விழுந்ததாம். இதில் என் பிழையும் உண்டு. அவனுடைய எழுத்தைப் பார்த்து மயங்கி, தேர்வு எதைச் சோதிக்கும் என்று விசாரிக்காமலே அனுப்பிவிட்டேன்.

அந்த ஓராண்டுதான் அவனுடைய பாதையைத் தீர்மானித்தது என்று நான் கருதுகிறேன். காலையில் எங்கள் ஓவிய ஆசிரியரிடம் குடம், நாற்காலி, கை விரல் என்று பார்த்து வரைந்தான். மாலையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில், அப்பாவின் பிழைப்பைப் பறித்த அதே இடத்தில், வேலைக்குச் சேர்ந்தான். கோரல்டிரா, போட்டோஷாப் எல்லாம் அங்கே படித்தவை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழை அடித்தால் அப்போது அந்த மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும்; ஆகையால் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களையே கடைக்காரர்கள் நம்பியிருந்தார்கள். திருமணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அதே நான்கைந்து எழுத்துருக்கள். இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் நசுக்குவார்கள், மிஞ்சினால் இழுத்து நீட்டுவார்கள். "அப்பா இடத்துக்குத் தக்கபடி எழுத்தை எழுதுவார், இங்கே இடத்துக்குத் தக்கபடி எழுத்தைப் பிழிகிறார்கள்" என்று ஒரு நாள் என்னிடம் பொருமினான்.

2009-இல் கும்பகோணத்தில் இடம் கிடைத்து, நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடித்தார். கல்லூரி நாட்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. விடுமுறையில் வரும்போது தாடி கூடியிருந்தது, பேச்சு குறைந்திருந்தது. பிறகு சென்னையில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்து, பொட்டலங்களுக்கும் மசாலா உறைகளுக்கும் எழுத்து வரைந்து, இரவில் எழுத்துரு செய்யப் பழகினார்.

247 எழுத்துகள் என்று நாங்கள் வகுப்பில் ஒப்பிக்க வைக்கிறோம். காலும் கொம்பும் புள்ளியும் சேர்ந்து பிறப்பவற்றைக் கழித்தால், தனித்தனியே வரைய வேண்டியவை அதைவிடக் குறைவே என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் கு, கூ தொடங்கி னு, னூ வரை 36 எழுத்துகளுக்கும் தனி உருவம் வேண்டும். டி, டீ இரண்டும் தங்களுக்கென்று ஒரு வழி கேட்கும். ஓர் எழுத்துருக் குடும்பத்துக்கு மெலிந்தது, நடுத்தரம், தடித்தது என்று பல கனங்கள் செய்தால் மாதங்கள் ஓடிவிடும்.

இந்த வழியில் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: எழுத்துரு மட்டும் அவருக்குச் சோறு போடவில்லை. புத்தக அட்டைகளும் நிறுவனங்களுக்கான வேலைகளும்தான் வாடகையைக் கட்டுகின்றன. தமிழ் எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. முதல் எழுத்துருவை யாரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் அவரே இலவசமாக வெளியிட்டார். அதைப் பார்த்த பதிப்பகம் ஒன்று அட்டை வேலை கொடுத்தது.

புதிதாக ஒரு தடித்த எழுத்துருவைத் தொடங்கும்போது, எழுத்துகளை ஒவ்வொரு முழம் உயரத்துக்கு அச்சிட்டு ஊருக்குக் கொண்டுவருகிறார். அவற்றை எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு அப்பாவைத் திண்ணையில் உட்கார வைக்கிறார். சென்ற தை மாதம் நானும் அங்கே இருந்தேன். அப்பா வெகு நேரம் பார்த்துவிட்டு, "ழகரத்துக்குக் கழுத்து ஒடிஞ்சிருக்கு, அங்க கொஞ்சம் சதை வை" என்றார். மகன் கணினியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.